பிராகாரத்துக் கல்தளத்துக்கு ஆசிட்டும் பாலிஷும் வேண்டாம்

கேள்வி: காவிரிப் படுகையில் உள்ள ஓர் ஊரின் சிவன் கோயில் அறங்காவலர்களில் நானும் ஒருவன். வெளிப்பிராகாரம் முழுவதும் பழைய கருங்கல் பாவியது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, கோபுர வாசலிலிருந்து அன்னதானக் கூடம் வரை உள்ள வெற்றிடத்தில் கடப்பாக் கல் போட்டோம். பிரதோஷ நாளில் நிற்க இடம் இருக்காது. இப்போது கருங்கற்களில் சில, மிதித்தால் ஆடுகின்றன. தென்மேற்கு மூலையில் மழைநீர் தேங்குகிறது. விளக்கேற்றும் இடத்தைச் சுற்றித் தளம் கறுத்து, பிசுபிசுப்பாக இருக்கிறது. சென்ற கார்த்திகையில் மூதாட்டி ஒருவர் அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் ஒருவர், தளம் முழுவதையும் ஆசிட் ஊற்றிக் கழுவி, மிஷின் வைத்து பாலிஷ் செய்து, இடுக்குகளில் சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பான பூச்சு அடித்துத் தருவதாக விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். உபயதாரரும் தயாராக இருக்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்:

அன்புடையீர்,

அந்த விலைப்புள்ளியில் உள்ள நான்கு வேலைகளில் ஒன்றைக்கூட ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒப்பந்தக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் எண்ணவில்லை. வீட்டுக் கூடத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் செய்து பழகிய முறைகளை, வெயிலும் மழையும் எண்ணெயும் வெறுங்காலும் ஓயாமல் புழங்கும் திறந்தவெளித் தளத்துக்கு அவர் அப்படியே கொண்டுவருகிறார். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் கல்லின் குறை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கல் ஆடுவது அதன் அடியில் உள்ள படுக்கையின் குறை. நீர் தேங்குவது வாட்டத்தின், அதாவது தளத்தின் சரிவின், குறை. கறுப்பும் வழுக்கலும் துப்புரவு முறையின் குறை. கல்லின் முகத்தை எவ்வளவு தேய்த்தாலும் இவை தீரப் போவதில்லை.

முதலில், உங்கள் கோயிலில் இருப்பவை தன்மையால் வேறுபட்ட இரண்டு தளங்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லும் கற்களில் கிரானைட், சார்னோகைட், நைஸ் எனப் பல வகைகள் உண்டு என்றாலும், அவை யாவும் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் முதலிய கடினமான கனிமங்களால் ஆனவை. கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. தாண்டூர், ஷாகாபாத், கோட்டா கற்களும் அதே இனம்தான். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6, சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட் 3. பக்தர்களின் காலோடு வரும் ஆற்றுமணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்பதால், கூட்டம் நடக்க நடக்கக் கடப்பாக் கல்லின் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போன்ற வேலை நடந்துகொண்டே இருக்கிறது. கருங்கல்லில் இந்தத் தேய்மானம் தலைமுறைக் கணக்கில் தெரியும். கடப்பாவில் சில ஆண்டுகளிலேயே நடைபாதைத் தடம் வெளுத்துவிடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே வைத்தியம் என்று எவர் சொன்னாலும் அவரை ஐயத்தோடு பாருங்கள்.

ஆசிட் விஷயத்துக்கு வருவோம். சமையலறையில் கடப்பா மேடை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: எலுமிச்சை மூடியை இரவு முழுவதும் கவிழ்த்து வைத்தால் காலையில் அந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளிறிய தழும்பு இருக்கும். எலுமிச்சைக்கே இப்படி என்றால், கழிப்பறை கழுவப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நுரைத்துப் பொங்குவதை அழுக்கு கரைகிறது என்று வேலையாட்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள், கரைவது கல். கருங்கல்லில் சேதம் உடனே தெரியாது என்பதுதான் இன்னும் மோசம். கழுவிய அன்று தளம் புதிதாய் இழைத்தது போல வெளுத்துத் தெரியும். உபயதாரரும் மனம் நிறைந்து போவார். ஆனால் கருங்கல்லில் உள்ள கறுப்பு அப்பிரகம் (மைக்கா) போன்ற கனிமங்களில் இரும்பு இருக்கிறது. அமிலம் அதை இளக்கி வெளியே கொண்டுவர, அது காற்றுப்பட்டுத் துருவாகி, சில வாரங்களில் தளமெங்கும் காவியும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகப் பூக்கும். அந்தக் கறையை எடுக்க மறுபடியும் ஆசிட் ஊற்றுவார்கள். துரு நீக்கி என்று விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். அது கருங்கல்லையே அரிக்கக் கூடியது, கையாளும் ஆளுக்கும் உயிராபத்து. அந்தக் குப்பி கோயில் வாசலுக்குள் வரவே கூடாது.

பாலிஷ் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பாவுகல்லின் மேல் காலையில் சாய்வாக வெயில் விழும்போது குனிந்து பாருங்கள். உளியால் பொளிந்த புள்ளிகளும் வரிகளும் சின்னச் சின்னப் பள்ளங்களாகத் தெரியும். கல்தச்சர் அதை அழகுக்காக மட்டும் விட்டு வைக்கவில்லை. ஈரத்தில் கால் பதிவதற்குப் பிடிமானம் தருவது அந்தச் சொரசொரப்புதான். பள்ளங்களுக்குள் நீர் இறங்கிக்கொள்ள, மேடுகளின் மேல் பாதம் நிற்கும். மிஷின் அந்த மேடுகளை வழித்துவிட்டால், மழைத் தண்ணீரும் நல்லெண்ணெயும் கலந்த படலத்தின் மேல் உங்கள் பக்தர்கள் நடக்க வேண்டியிருக்கும். தளத்தின் வழுக்கலை அளப்பதற்கு ஊசல் சோதனை என்று ஒரு கருவிமுறை உண்டு. அதில் ஈரத் தளத்துக்கு 36-ம் அதற்கு மேலும் கிடைத்தால் வழுக்கி விழும் ஆபத்து குறைவு என்று பிரிட்டனில் கொள்கிறார்கள். பாலிஷ் செய்த கிரானைட் ஈரத்தில் அந்த எண்ணின் அருகில்கூட வராது. ஒருவர் இடுப்பெலும்பு முறிந்ததற்குப் பரிகாரமாகத் தளத்தை இன்னும் வழவழப்பாக்குவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பழைய கோயில்களில் திருப்பணியின்போது கழற்றிய கற்களைத் தளத்தில் பாவிவிடும் வழக்கம் இருந்ததால், பிராகாரத் தளத்தில் கல்வெட்டுத் துண்டுகள் கிடப்பது அரிதன்று. எழுத்து மேல்முகமாகவும் இருக்கலாம், அடிமுகமாகவும் இருக்கலாம். மிஷின் ஓடிய பிறகு அங்கே என்ன எழுதியிருந்தது என்று கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது. மணல் வீச்சு முறையை, அதாவது சாண்ட் பிளாஸ்டிங்கை, அறநிலையத் துறை கோயில்களில் தடை செய்ததற்கும் இத்தகைய சேதமே காரணம். ஒப்பந்தக்காரர் பாலிஷை விட்டுவிட்டு அதைச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

சிமெண்ட் பூச்சைப் பற்றிக் கேட்டால் பலர் வியப்படைகிறார்கள். இடுக்கை அடைப்பதில் என்ன தவறு என்பார்கள். அடைக்க வேண்டும், ஆனால் கல்லைவிட மென்மையான பொருளால் அடைக்க வேண்டும். பகலில் கல் சூடேறி விரிகிறது, இரவில் சுருங்குகிறது; உங்கள் பக்கத்துக் களிமண் கோடையில் வெடித்து, மழையில் உப்பி, தளத்தை மயிரிழை மயிரிழையாகத் தூக்கி இறக்குகிறது. சுண்ணாம்புக் காரை இந்த அசைவுக்கு இடம் கொடுக்கும். விரிசல் விட்டாலும் அது காரையில்தான் விழும், அடுத்த ஆண்டு கீறி எடுத்து மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலந்த கலவை இடம் கொடுக்காமல் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொள்வதால், அசைவு வரும்போது விளிம்பு செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். அடியில் இறங்கிய ஈரம் இடுக்கு வழியே ஆவியாகி வெளியேறுவதும் நின்றுவிடும். அந்த ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு கல்லின் உடம்பு வழியாகவே மேலே வந்து, முகத்துக்குச் சற்றுக் கீழே உப்புப் படிகமாகி, மேல்தோலைத் தள்ளிவிடும். பழைய மண்டபங்களில் சிமெண்ட் பூசிய இடுக்கின் இரு கரையிலும் மட்டும் கல் பொரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நான்காவதான பளபளப்புப் பூச்சில் நானே கையைச் சுட்டுக்கொண்டவன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கல்யாண மண்டபத்தின் திறந்த முற்றத்துக்கு, உரிமையாளர் விரும்பினார் என்று, அக்ரிலிக் பூச்சு ஒன்றை என் மேற்பார்வையில் அடிக்கச் செய்தேன். வைகாசியில் கண்ணாடி போல இருந்தது. ஐப்பசி மழையில் அடியில் ஈரம் சிக்கிப் பால் ஊற்றியது போல வெளுத்து, மார்கழிக்குள் வாழைப்பட்டை உரிவது போல உரிந்து வந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஆன கூலி, அடித்த செலவைவிட அதிகம். திறந்தவெளிக் கல்லின் மேல் தோல் போலப் படியும் எந்தப் பூச்சையும் அன்று முதல் நான் பரிந்துரைப்பதில்லை. கல்லுக்குள் ஊறி மறையும் சிலேன், சிலாக்ஸேன் வகைப் பூச்சுகள் ஓரளவு பரவாயில்லை. அவை ஈரத்தை ஆவியாக விடும். புதிய வணிக வளாகம் என்றால் அதைப் பற்றிப் பேசலாம். பழைய கோயில் தளத்துக்கு அதுவும் தேவையில்லை.

இனி, செய்ய வேண்டியவை. தொடங்க வேண்டிய இடம் தண்ணீர்.

அடுத்த பெருமழைக்குக் குடை பிடித்துக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி வாருங்கள். இதற்கு ஈடான ஆய்வு எதுவும் கிடையாது. நீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எந்தக் கல்லில் முட்டித் திரும்புகிறது என்று பாருங்கள். மழை விட்டதும் தேங்கிய நீரின் கரையைச் சாக்பீஸால் கோடிட்டுப் படம் எடுத்து வையுங்கள். திறந்தவெளிக் கல்தளத்துக்கு எண்பதுக்கு ஒன்று வாட்டம், அதாவது பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், போதுமானது. பொளிந்த முரட்டுக் கல் என்றால் பத்தடிக்கு இரண்டு அங்குலம் நல்லது. பழைய தளங்களில் இந்த வாட்டம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கெடுவது வெளியேறும் வழி. உங்கள் தென்மேற்கு மூலையில் மதிலின் அடிப்பகுதியைத் தேடிப் பாருங்கள். பழைய வடிகால் துளை ஒன்று அடைபட்டுக் கிடந்தால் நான் வியப்படைய மாட்டேன். தெருவில் சாலைக்கு மேல் சாலை போட்டு உயர்த்திக்கொண்டே போனதால், முன்பு தெரு வாய்க்காலிலோ குளத்திலோ விழுந்த துளை இன்று தரைக்குக் கீழே போய்விட்டிருக்கும். அந்தத் துளையைத் திறந்து, வெளியே ஒரு தொட்டி கட்டி, குளத்துக்கோ வடிகாலுக்கோ வழி செய்துவிட்டால், கல்லைத் தொடாமலேயே உங்கள் குறைகளில் பாதி தீர்ந்துவிடக்கூடும். குளத்துக்கு விடுவதானால் மழைநீர் மட்டும் போக வேண்டும். விளக்கு மேடையைக் கழுவிய சோப்புத் தண்ணீர் போகக் கூடாது.

அடுத்து, தளத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். நடை திறப்பதற்கு முன், அரவம் இல்லாத விடியற்காலையில், ஓர் ஆள் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு கல்லின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மெல்லத் தட்டிக்கொண்டு போக, இன்னொருவர் சாக்பீஸால் குறித்துக்கொண்டு போகட்டும். நன்றாக உட்கார்ந்த கல் இறுக்கமான ஒலி தரும். அடியில் வெற்றிடம் உள்ள கல் காலிப் பானையைத் தட்டியது போல ஒலிக்கும். பத்துக் கல் தட்டியதும் காது பழகிவிடும். ஒலிக்கும் கல்லுக்கு வட்டம், ஆடும் கல்லுக்குப் பெருக்கல் குறி, உடைந்ததற்குக் கோடு என்று குறித்து, அதை ஒரு தாளில் வரைபடமாக மாற்றிக்கொள்ளுங்கள். முழுத் தளத்தையும் பெயர்த்துப் போட வேண்டும் என்று எவராவது சொன்னால் இந்தத் தாளைக் காட்டுங்கள். பெயர்க்க வேண்டிய கற்கள் நீங்கள் அஞ்சுவதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

பெயர்க்கும் வேலையைப் பழகிய கல்தச்சரிடமே கொடுங்கள். நான்கடி நீளம், இரண்டடி அகலம், நான்கு அங்குலக் கனம் உள்ள ஒரு கருங்கல் பலகை ஏறக்குறைய இருநூறு கிலோ எடை இருக்கும். கடப்பாரையை நேரடியாகக் கொடுத்து நெம்பினால் விளிம்பு போய்விடும் என்பதால், இடையில் மரக்கட்டை வைத்து நெம்ப வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, படம் எடுத்து, எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த திசையிலேயே திரும்ப வைக்க வேண்டும். எண்ணைச் சாக்பீஸால் போடுங்கள். பெயிண்டால் போட்டால் எண் பத்தாண்டுக்கு அழியாது. கல்லைத் தூக்கியதும் அடிமுகத்தை ஒருமுறை நனைத்துப் பாருங்கள். எழுத்துத் தெரிந்தால் வேலையை அந்தக் கல்லோடு நிறுத்தித் துறைக்குத் தெரிவியுங்கள்.

அடியில் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று தென்படும்: எலி வளை, உடைந்த குடிநீர்க் குழாய், அல்லது மேலிருந்து இறங்கிய நீர் அரித்துக் கொண்டுபோன மணல். காரணத்தைச் சரிசெய்யாமல் குழியை மட்டும் நிரப்பினால் அடுத்த ஆண்டே கல் மறுபடி ஆடும். தளர்ந்த மண்ணை எடுத்து, கிராவல் போட்டு நனைத்துத் திம்மிசுக் கட்டையால் இடித்து, அதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் தூசி நீக்கிய பெருமணல் பரப்பி, மட்டப்பலகையால் வழித்து, கல்லை இறக்கி, ரசமட்டம் வைத்து வாட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். வெற்றிடத்துக்குள் சிமெண்ட் பாலை ஊற்றி அடைத்துவிடலாம் என்ற குறுக்குவழியை மேஸ்திரிகள் சொல்வார்கள். அது அடியில் ஒரு கட்டியாக உறைந்து, கல்லுக்கு முதுகில் முட்டுக் கொடுத்தது போல நின்று, கூட்டம் ஏறும் நாளில் அதே இடத்தில் கல்லை இரண்டாக உடைக்கும்.

இடுக்குகளுக்குக் காரை: நன்றாக நீற்றி, குறைந்தது சில வாரங்களாவது நீரில் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, செங்கல் தூளான சுர்க்கி அரைப் பங்கு. சுர்க்கி சேர்த்தால் ஈரத்திலும் காரை இறுகும். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்க்கத் தெரிந்த ஆள் உங்கள் பக்கத்தில் இருந்தால் அவர் கைப்பாகத்தை நம்பலாம். புத்தகத்தில் படித்துவிட்டு அளவு தெரியாமல் வெல்லத்தைக் கொட்டினால் எறும்புக்குத்தான் திருவிழா. பழைய சிமெண்டைச் சிற்றுளியால் கையால் கொத்தி எடுக்க வேண்டும். கட்டிங் மிஷின் ஒரு நொடி வழுக்கினால் கல்லில் நிரந்தரக் கோடு விழும். ஓர் அங்குல ஆழத்துக்குச் சுத்தம் செய்து, நனைத்து, காரையை இறுக்கித் திணித்து, கல்லின் விளிம்பைவிட நூலளவு தாழ்த்தி முடிக்க வேண்டும். ஈரச் சாக்குப் போட்டு ஏழு முதல் பத்து நாள் வரை காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரதட்சிணப் பாதையை மூட முடியாது என்பது எனக்குத் தெரியும்; அகலத்தில் பாதியைக் கயிறு கட்டித் தடுத்து, மறுபாதியில் நடக்க விட்டு, மாற்றி மாற்றிச் செய்யலாம். இதற்கு ஏற்ற காலம் தையும் மாசியும். அக்கினி நட்சத்திரத்தில் செய்தால் காரை இறுகும் முன் உலர்ந்து பொடியாகும், ஐப்பசியில் செய்தால் மழையில் கரையும்.

கடப்பாப் பகுதியின் கதை வேறு. கனம் குறைந்த அந்தப் பலகைகள் மணல் படுக்கையில் நிற்கா. முழுப் பரப்பிலும் கலவைப் படுக்கை வேண்டும். தட்டும்போது மூலைகளில் மட்டும் இறுக்கமாகவும் நடுவில் காலியாகவும் ஒலித்தால், போட்டவர்கள் நான்கு மூலைகளில் மட்டும் கலவை உருண்டை வைத்து அதன்மேல் கல்லை அமுக்கிவிட்டார்கள் என்று பொருள். அவற்றை மட்டும் எடுத்து முழுப் படுக்கையில் மறுபடி பதித்து, சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற மெலிந்த கலவையால் இடுக்கை நிரப்பினால் போதும். இங்கே சிமெண்டை நான் அனுமதிப்பது முரண்பாடாகத் தோன்றலாம்; எட்டு வயதுத் தளத்துக்கும் பல நூற்றாண்டுத் தளத்துக்கும் ஒரே கண்டிப்பு தேவையில்லை.

எண்ணெய்க் கறைக்கு வருகிறேன். விளக்கு மேடையைச் சுற்றி விளிம்பு மடித்த தகரத் தட்டில் மணல் பரப்பி வைப்பது முதல் வேலை. வாரம் ஒருமுறை மணலை மாற்றுங்கள். புதிதாகச் சிந்திய எண்ணெயின் மேல் உடனே மரத்தூள் தூவிக் கூட்டி எடுத்துவிட்டால் கறையே படியாது. துணியால் துடைத்தால் பரவும். ஏற்கெனவே பிசினாய்ப் படிந்ததை மரச்செதுக்கியால் சுரண்டிவிட்டு, ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா கரைத்துத் தென்னைநார்த் தூரிகையால் தேய்த்து, மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். அலசாமல் விட்ட சோடா உப்பாகி மேலே பூக்கும். அதற்கும் மசியாத கறுப்புக்குப் பற்று போட வேண்டும்: முல்தானி மட்டியை அதே சோடா நீரில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடி, மறுநாள் திறந்து முழுவதும் உலரவிட்டு எடுங்கள். மண் உலர உலரக் கல்லுக்குள் இருக்கும் எண்ணெயை மேலே இழுத்துக்கொள்ளும். எடுத்த கட்டியின் அடிப்பக்கம் பழுப்பேறி இருந்தால் வேலை நடக்கிறது என்று அறியலாம். மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். பல காலமாக ஊறிய இடத்தில் ஒரு நிழல் எஞ்சும். அதைக் கல்லின் வயது என்று விட்டுவிடுங்கள். கடப்பாக் கல்லுக்குச் சலவை சோடாவுக்குப் பதில் காரமில்லாத திரவ சோப்பே போதும். எதையும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

மஞ்சள் கறைக்கு மட்டும் சோடாவைக் கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைப்பதும் அந்த விதியால்தான். வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு வெயிலுக்கு விட்டுவிட்டால் சில நாட்களில் தானே வெளுத்துவிடும்.

தரையில் சூடம் ஏற்றுவதை நிறுத்தச் சொல்வது எளிதன்று என்றாலும் முயலுங்கள். சிறிய இடத்தில் திடீரென ஏறும் வெப்பத்தில் மேல்தோல் மட்டும் விரிந்து, அடியில் உள்ள கல் விரியாமல் இருக்க, அந்த இடம் செதிலாகப் பெயரும். ஒரு பித்தளைத் தட்டோ மண் அகலோ வைத்தால் தீர்ந்தது. சிதறு தேங்காய்க்கும் தனியே ஒரு கல்தொட்டி வையுங்கள். இளநீரின் சர்க்கரை இடுக்கில் இறங்கினால் எறும்பும் பாசியும் குடிவரும்.

அன்றாடத் துப்புரவில் முதலிடம் விளக்குமாற்றுக்கு. ஈரத் துணியால் மெழுகுவதற்கு முன் உலர்ந்த தளத்தில் மணலைக் கூட்டி எடுக்க வேண்டும். வாசலில் ஐந்தாறு அடி வைத்துத்தான் உள்ளே வர முடியும் என்ற நீளத்துக்குத் தென்னைநார் விரிப்புப் போட்டால் பாதி மணல் அங்கேயே நின்றுவிடும். ஃபினைல் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயில் படாத பக்கம் பாசி பிடித்தால், பிளீச்சிங் பவுடரைத் தூவாமல் நாரால் தேய்த்து எடுத்து, மேலே கவிந்த கிளையைக் கழித்து வெயில் விழச் செய்யுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சுவது வேலையைச் சுருக்கும், இடுக்கின் காரையையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கோடையில் கால் சுடுகிறது என்று வெள்ளைப் பெயிண்ட் அடிக்கும் பழக்கம் பரவிவிட்டது. அது சூட்டைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் கல்லின் துளைகளை அடைத்து, மழையில் வழுக்கி, உரிந்து, ஆண்டுதோறும் அடுக்கடுக்காய் ஏறும். நனைத்த நார்ப்பாய் விரிப்பதும் பந்தல் போடுவதும் பழைய வழிகள், அவையே போதும். பந்தல்கால் ஊன்றக் கல்லில் துளை போடவோ இடுக்கில் கடப்பாரை இறக்கவோ விடாதீர்கள். மணல் நிரப்பிய தகர டிரம்மில் காலை நிறுத்தச் சொல்லுங்கள்; பந்தல்காரர் முணுமுணுப்பார், செய்துவிடுவார். திருவிழா நாளில் தண்ணீர் லாரி உள்ளே வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே பன்னிரண்டு டன். அது வாசலுக்கு வெளியே நின்று குழாய் மூலம் நீர் தரட்டும்.

கோயில் அறநிலையத் துறையின் ஆளுகையில் இருந்தால், உபயதாரர் பணம் என்றாலும், துறையின் அனுமதியும் அவர்கள் ஸ்தபதி, பொறியாளர் ஒப்புதலும் இல்லாமல் ஒரு கல்லையும் பெயர்க்கக் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் என்றால் அவர்களுடைய அனுமதியும் தேவை. விண்ணப்பத்தோடு தட்டிப் பார்த்த வரைபடத்தையும் மழைநாள் படங்களையும் இணைத்தால் கேள்விகள் குறையும். உபயதாரருக்குப் பளபளப்பான தளத்தைக் காட்ட முடியாதே என்று நீங்கள் தயங்கலாம். அவர் பெயரில் விளக்கு மேடைக்கு ஒரு கல்தொட்டியும் வாசலுக்கு நார்விரிப்பும் வடிகால் தொட்டியும் செய்து காட்டுங்கள். மூன்றும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள்தாம்.

அனுமதி வருவதற்குக் காத்திருக்கும் காலத்திலேயே, மூதாட்டி விழுந்த இடத்தின் பிசினை நாளை காலையே சுரண்டத் தொடங்குங்கள். அதற்கு எவர் ஒப்புதலும் வேண்டாம். மதிலடித் துளையைக் கண்டுபிடித்ததும், வட்டம் எத்தனை, பெருக்கல் குறி எத்தனை என்ற கணக்கோடு எனக்கு எழுதுங்கள். கல்தச்சர் எத்தனை பேர், எத்தனை நாள் என்று அதை வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.